வெறும் பாறையில் காடு எதைத் தின்று வளர்கிறது?

கேள்வி இதுதான்: "தாவர வழிமுறை வளர்ச்சி என்று ஒரு பாடம் இருக்கிறது. நைட்ரஜன், பாஸ்பரஸ் சுழற்சி என்று இன்னொரு பாடம் இருக்கிறது. பாறையில் முதலில் லைக்கன் (பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் உயிர்), அப்புறம் மாஸ், புல், புதர், கடைசியில் மரம் என்ற வரிசை ஏன் வருகிறது? வரிசையின் முடிவான உச்சநிலைக் காடு வந்துவிட்டால் அதோடு மாற்றம் நின்றுவிடுமா? இந்த இரண்டு பாடங்களுக்கும் தொடர்பு உண்டா?"

தொடர்பு உண்டு என்று சொன்னால்கூடப் போதாது. இரண்டும் ஒரே பாடம்தான். ஓர் இடத்தில் செடிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இடம் பிடிப்பதைத்தான் வழிமுறை வளர்ச்சி என்கிறோம். எந்தச் செடி எப்போது வரும், எது எவ்வளவு காலம் நிற்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்த இடத்துக்கு நைட்ரஜன் எப்படி வந்து சேருகிறது, பாஸ்பரஸ் எப்படிக் கழிகிறது என்ற கணக்குதான். வரிசையை மட்டும் மனப்பாடம் செய்தால் இந்தக் கணக்கு கண்ணில் படாது.

முதலில் அந்த வரிசையையே கொஞ்சம் அசைத்துப் பார்ப்போம். 1963 நவம்பர் 14 அன்று ஐஸ்லாந்தின் தெற்கே, வெஸ்ட்மன் தீவுகளுக்கு அருகில், கடலிலிருந்து கரும்புகை எழுவதை ஒரு மீன்பிடிப் படகில் இருந்தவர்கள் பார்த்தார்கள். சுமார் 130 மீட்டர் ஆழத்தில் கடலடி எரிமலை வெடித்திருந்தது. ஒன்றிரண்டு நாளில் தீவு தலைகாட்டியது. 1967 ஜூனில் வெடிப்பு ஓய்ந்தபோது அதன் பரப்பு சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். அதற்குச் சுர்ட்சே என்று பெயர். 1965இலேயே அதைச் சட்டப்படி பாதுகாத்து, ஆய்வாளர்களைத் தவிர யாரும் கால் வைக்கக் கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். ஒரு கைப்பிடி மண்கூட இல்லாத புத்தம்புது நிலத்தில் உயிர் எப்படிக் குடியேறுகிறது என்று முதல் நாளிலிருந்தே பார்க்க முடிந்த இடம் உலகில் மிகச் சிலவே. அதில் சுர்ட்சேவுக்கு இணை கிடையாது என்றே சொல்வேன்.

அங்கே என்ன நடந்தது? 1965இல், எரிமலை இன்னும் குமுறிக்கொண்டிருக்கும்போதே, கரையோர மணலில் ஒரு பூக்கும் செடி முளைத்தது. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த கடலோரச் செடி அது. விதை கடலில் மிதந்து வந்தது. மாஸ் தென்பட்டது 1967இல். லைக்கன் தென்பட்டது 1970இல். பாடப்புத்தக வரிசை அப்படியே தலைகீழ்! புத்தகம் பொய் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆறிய பாறை மேல் லைக்கன் முன்னோடியாக நிற்கும் இடங்கள் எத்தனையோ உண்டு. ஆனால் "லைக்கன் வந்து பாறையை அரித்து மண்ணாக்கித் தந்தால்தான் மற்றவை வர முடியும்" என்பது விதி அல்ல. சுர்ட்சேயின் கரையில் மணல் இருந்தது, அலை ஒதுக்கிய கடற்பாசியும் இருந்தது. அது மட்கியதில் கிடைத்த துளி சத்தே ஒரு விதைக்குப் போதுமானதாக இருந்தது.

அப்புறம்தான் முக்கியமான கட்டம். அடுத்த இருபது ஆண்டுகளில் தீவு பசுமையாகிவிடவில்லை. கடலும் காற்றும் விதைகளைக் கொண்டுவந்தபடியே இருந்தன. முளைத்தவையோ பெரும்பாலும் செத்தன. 1980களின் நடுப்பகுதி வரை ஏறத்தாழ 20 இனங்கள் மட்டுமே அங்கே தென்பட்டிருந்தன. கரிய எரிமலை மணலில் ஆங்காங்கே சில திட்டுகள், அவ்வளவுதான். மழைக்குக் குறைவில்லை. பாறையில் கால்சியமும் மக்னீசியமும் இரும்பும் பாஸ்பரஸும் இருந்தன. இல்லாத ஒன்று நைட்ரஜன்.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். செடிக்குத் தேவையான தாதுக்களில் ஏறத்தாழ எல்லாமே பாறை கரைந்து வருபவை. நைட்ரஜன் மட்டும் விதிவிலக்கு. எரிமலைப் பாறையில் அது பேருக்குக்கூட இல்லை. காற்றில் 78 சதவீதம் அதுதான். ஆனால் அங்கே இரண்டு நைட்ரஜன் அணுக்கள் முப்பிணைப்பால் இறுகிக் கிடக்கின்றன. எந்தச் செடியாலும் அதைத் தானே பிரிக்க முடியாது. மின்னல் கொஞ்சம் பிரிக்கும். சில பாக்டீரியாக்கள் பிரிக்கும். அப்படிப் பிரிந்து அம்மோனியமாகவோ நைட்ரேட்டாகவோ மாறினால்தான் வேர் உறிஞ்ச முடியும். ஆகவே புது நிலத்தில் பாஸ்பரஸ் காலடியிலேயே இருக்கும்; நைட்ரஜனோ வெளியிலிருந்து வந்தாக வேண்டும். பொதுவாக, மண்ணே இல்லாத நிலத்தில் தொடங்கும் முதல்நிலை வழிமுறை வளர்ச்சியின் வேகத்தைக் கட்டிப்போடுவது இந்தப் பற்றாக்குறைதான்.

சுர்ட்சேயில் அதைக் கொண்டுவந்தவை கடற்காகங்கள். 1986 வாக்கில் தீவின் தென்பகுதி எரிமலைப் பாறைகளில் அவை கூட்டமாகக் கூடுகட்டத் தொடங்கின. கடலில் மீன் தின்று, தரையில் எச்சமிட்டன. கூட்டுக்குக் கொண்டுவந்த பொருட்களோடும் தங்கள் உடலோடும் விதைகளைச் சேர்த்தே கொண்டுவந்தன. எச்சத்திலுள்ள யூரிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் அம்மோனியமாக்க, அது நைட்ரேட்டாக மாறியது. அந்த இடம் மட்டும் சில ஆண்டுகளில் அடர்ந்த புல்வெளியானது. பிற்காலத்தில் அளந்தபோது, பறவைக் குடியிருப்புக்குள் ஆண்டுக்கு ஹெக்டேருக்குச் சுமார் 47 கிலோ நைட்ரஜன் சேர்ந்திருந்தது. அதற்கு வெளியே சுமார் ஒரு கிலோ. ஒரே தீவு, ஒரே மழை, ஒரே பாறை, ஒரே வயது. ஒரு பக்கம் முழங்கால் உயரப் புல், இன்னொரு பக்கம் வெறும் கரிய தரை. அதுவரை தட்டுத்தடுமாறிய இனங்களின் எண்ணிக்கையும் அதற்குப் பிறகு மளமளவென்று ஏறியது. மண்புழு 1993இல் கண்டுபிடிக்கப்பட்டது. 1998இல் முதல் புதராக ஒரு வில்லோ வந்தது. இன்றுவரை 70க்கும் மேற்பட்ட உயர் தாவர இனங்கள் அங்கே பதிவாகியுள்ளன. அவற்றில் நான்கில் மூன்று பங்கு பறவைகளோடு வந்தவை.

அங்கே ஒரு முறை தக்காளிச் செடியும் முளைத்தது. ஆய்வுக்கு வந்த யாரோ எரிமலை மணலில் மலம் கழித்திருந்தார்; விதையும் உரமும் சேர்ந்தே விழுந்திருந்தன. செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்திவிட்டார்கள். அந்த ஓர் அடி நிலத்தில் என்ன குறைந்திருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பறவை வராத இடங்களில் என்ன நடக்கும்? அங்கே நைட்ரஜன் வேர் வழியாக வரும். அலாஸ்காவின் கிளேசியர் வளைகுடாவில் 1700களின் நடுப்பகுதியிலிருந்து பனிப்பாறை நூறு கிலோமீட்டருக்குமேல் பின்வாங்கியிருக்கிறது. சூழலியலாளர் வில்லியம் கூப்பர் 1916இல் அங்கே சிறு நிலத்துண்டுகளைக் குறித்துவைத்துப் பார்க்கத் தொடங்கினார். பனி விலகிய கூழாங்கல் தரையில் ஆல்டர் என்னும் புதர்மரம் அடர்ந்து வளர்கிறது. பின்னால் ஸ்ப்ரூஸ் மரங்கள் அதை மூடிவிடுகின்றன. ஆல்டரின் வேரில் பிராங்கியா என்ற பாக்டீரியா குடியிருந்து காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது.

பிராங்கியாவைப் பார்க்க அலாஸ்கா போக வேண்டியதில்லை. நம் கடலூர், புதுச்சேரிப் பக்கத்துக் கடலோரச் சவுக்குத் தோப்பில் இளம் கன்று ஒன்றின் அடியில் மணலை விலக்கிப் பாருங்கள். பக்கவேரில் பழுப்பு நிறத்தில், பவளக் கொத்துப்போலக் கிளைத்த முடிச்சுகள் இருக்கும். உளுந்து, கொளுஞ்சி வேரில் இருக்கும் உருண்டை முடிச்சுகள் ரைசோபியம் பாக்டீரியாவால் வருபவை. இவை வேறு மாதிரி. கூர்ந்து பார்த்தால் ஒவ்வொரு மடலின் நுனியிலிருந்தும் மெல்லிய சிறுவேர் ஒன்று கீழே போகாமல் மேல்நோக்கி வளர்ந்திருக்கும். சத்தே இல்லாத கடல் மணலில் சவுக்கு அத்தனை வேகமாக ஓங்கி வளர்வதில் இந்த முடிச்சுகளுக்குப் பெரும்பங்கு உண்டு.

சரி, நைட்ரஜன் வந்துவிட்டால் காடு வந்துவிடுமா? வராது. நம் சவுக்குத் தோப்புக்குள் நடந்தால் காலுக்கடியில் மெத்தைபோலச் சருகு கிடக்கும், கீழே வேறு செடி அதிகம் இருக்காது. ஊசி இலை என்று நாம் சொல்வது உண்மையில் இலையே அல்ல, கணுக்கணுவான பச்சைக் குச்சி. இலைகள் அந்தக் கணுவைச் சுற்றிச் சின்னப் பற்களாகத்தான் இருக்கின்றன. அந்தக் குச்சிகள் எளிதில் மட்குவதில்லை. பிடித்த நைட்ரஜனெல்லாம் சருகிலேயே அடைபட்டுக் கிடக்கும். உள்ளே வரும் வழி திறந்தாயிற்று, ஆனால் சுழற்சி இன்னும் சுழலவில்லை.

இதை நேருக்கு நேர் சந்தித்தவர் ரெனே ஹாலர் என்ற வேளாண் வல்லுநர். கென்யாவின் மொம்பாசா அருகே, பம்புரி சிமெண்ட் ஆலை பவளச் சுண்ணாம்புக்கல்லை வெட்டியெடுத்துவிட்டுப் போன பள்ளத்தை 1971இல் பசுமையாக்க முனைந்தார். மண் கிடையாது, அடியில் உப்புக் கலந்த நீர், மேலே கொதிக்கும் வெயில். நட்டுப் பார்த்த மரவகைகளில் மிகச் சிலவே பிழைத்தன. அவற்றில் தழைத்தது சவுக்கு. ஆனால் சருகு மட்காமல் குவிந்தது. அந்தப் பகுதியின் சிவப்புக் கால் மரவட்டைகள் சவுக்குச் சருகைத் தின்பதைக் கவனித்தவர், அவற்றை நூற்றுக்கணக்கில் பிடித்துவந்து விட்டார். அவை மென்று தள்ளிய எச்சத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வேலையைத் தொடர, மட்கு உருவானது. அதில் மற்ற மரங்கள் வேரூன்றின. அந்தப் பள்ளம் இன்று ஹாலர் பூங்கா என்ற பெயரில் காடும் குளமுமாக இருக்கிறது. மரவட்டையை வழிமுறை வளர்ச்சியின் படங்களில் எங்கும் வரைய மாட்டார்கள் என்பது எனக்குத் தீராத ஆதங்கம். சிதைப்பவை இல்லாமல் அடுத்த படி கிடையாது. தரிசு நிலத்தில் காடு வளர்க்கிறோம் என்று கிளம்புகிறவர்கள் கன்றுகளை எண்ணுகிறார்கள். சருகை யார் தின்னப் போகிறார்கள் என்று கேட்பதில்லை.

வளர்ந்து நிலைத்த காட்டுக்குள் கணக்கு வேறு மாதிரி ஆகிவிடும். மரங்கள் ஓராண்டில் எடுக்கும் நைட்ரஜனில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருவதில்லை. போன ஆண்டுகளின் சருகு மட்கித் தருவதுதான். வேர், சருகு, நுண்ணுயிர், மறுபடி வேர் என்று அதே அணுக்கள் சுற்றிச்சுற்றி வருகின்றன. இந்தச் சுற்று எவ்வளவு இறுக்கமானது என்பதை அதை அறுத்துப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஹப்பர்ட் புரூக் என்ற காட்டில் சூழலியலாளர்கள் ஜீன் லைக்கன்ஸ், ஹெர்பர்ட் போர்மன் முதலானோர் 1963இல் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். அங்கே அடிப்பாறை நீரைக் கசியவிடாது. ஒவ்வொரு சிறு நீர்ப்பிடிப்பிலும் பெய்த மழையில் ஆவியானது போக மீதி முழுக்க ஓர் ஓடை வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஓடையின் வாயில் ஓர் அளவைத் தடுப்பு கட்டினால், காட்டுக்கு வந்தது எவ்வளவு, காட்டிலிருந்து போனது எவ்வளவு என்று எடைபோட்டுவிடலாம். இத்தனை எளிய யோசனையில் இத்தனை பெரிய விடை கிடைத்த ஆய்வுகள் சூழலியலில் குறைவு.

1965 இறுதியில் சுமார் 16 ஹெக்டேர் நீர்ப்பிடிப்பு ஒன்றில் மரம் முழுவதையும் வெட்டினார்கள். ஒரு கட்டையைக்கூட வெளியே கொண்டுபோகவில்லை; வெட்டியது வெட்டியபடி கிடந்தது. அடுத்த மூன்று கோடைகளும் களைக்கொல்லி தெளித்து எதையும் முளைக்க விடவில்லை. சத்தெல்லாம் அங்கேயேதானே கிடக்கிறது, எங்கே போய்விடும் என்று தோன்றும். ஆனால் ஓடை நீரில் நைட்ரேட்டின் செறிவு முதல் ஆண்டிலேயே 40 மடங்குக்கு மேல் ஏறியது. குடிநீருக்கான வரம்பைத் தாண்டி, ஓடையில் பாசி படர்ந்தது. ஆண்டுக்கு ஹெக்டேருக்குச் சுமார் 100 கிலோ நைட்ரஜன் வெளியேறியது. கரை உடைந்த ஏரியைப் போலத்தான். காரணம் இதுதான்: மரம் செத்தாலும் நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்தவில்லை. அவை சருகை மட்கச் செய்து அம்மோனியத்தையும், அதிலிருந்து நைட்ரேட்டையும் உண்டாக்கிக்கொண்டே இருந்தன. வாங்கிக்கொள்ள வேர் இல்லை. நைட்ரேட் மண் துகளில் ஒட்டாது, தண்ணீரோடு ஓடிவிடும். அது உண்டாகும்போது வெளிவந்த அமிலம் மண் துகள்களில் ஒட்டியிருந்த கால்சியம், மக்னீசியம், பொட்டாசியத்தையும் பெயர்த்து ஓடைக்கு அனுப்பியது.

களைக்கொல்லியை நிறுத்தியதும் நடந்ததுதான் இரண்டாம் நிலை வழிமுறை வளர்ச்சி, அதாவது மண் ஏற்கெனவே இருக்கும் இடத்தில் மறுபடி தொடங்குவது. மண்ணுக்குள் பல பத்தாண்டுகளாக உறங்கிய காட்டுச் செர்ரி விதைகள் முளைத்து, அசுர வேகத்தில் வளர்ந்தன. அந்தச் செர்ரிக்கு ஆயுள் குறைவு, மரமும் மெல்லியது. ஆனால் மண்ணில் நைட்ரேட் மிதக்கும் அந்தச் சில ஆண்டுகளில் அதை வாரி உடம்பில் சேர்ப்பதில் அதற்கு நிகர் வேறில்லை. சில ஆண்டுகளிலேயே ஓடையில் நைட்ரேட் பழைய நிலைக்கு இறங்கிவிட்டது. நம் ஊரில் வெட்டிய நிலத்திலோ எரிந்த நிலத்திலோ திடீரென்று கிளம்பும் செடிகளைக் "களை" என்று ஒதுக்கிவிடுகிறோம். அவற்றில் பல அந்த நேரத்தில் செய்வது இந்த வேலையைத்தான்.

இதிலிருந்து ஒரு விசித்திரமான முடிவு வருகிறது. நைட்ரஜனை அதிகமாகப் பிடித்துவைப்பது முதிர்ந்த காடா, வளரும் காடா? வளரும் காடுதான். உடம்பு பெருக்கும் காட்டுக்கு ஒவ்வொரு கிராமும் தேவை, அதனால் ஓடைக்கு அதிகம் விடாது. முதிர்ந்த காட்டில் வளர்ச்சியும் சாவும் ஏறத்தாழச் சமம். எவ்வளவு உள்ளே வருகிறதோ ஏறக்குறைய அவ்வளவும் வெளியே போகும். பீட்டர் விட்டோசெக்கும் வில்லியம் ரெய்னர்ஸும் 1975இல் இந்தக் கருத்தை முன்வைத்து, நியூ ஹாம்ப்ஷயர் மலை ஓடைகளில் அளந்தும் காட்டினார்கள். முதிர்ந்த காடு வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அது பத்திரமாக வைத்திருக்கும் கையிருப்பு மிகப் பெரியது. கையிருப்பு வேறு, ஆண்டு வரவு செலவு வேறு, அவ்வளவுதான்.

இனி கடைசிக் கேள்வி: உச்சநிலைக்குப் பிறகு மாற்றம் நின்றுவிடுமா? சூழலியலாளர் பிரெடெரிக் கிளெமென்ட்ஸ் 1916இல் வழிமுறை வளர்ச்சி பற்றி எழுதியபோது நிலைத்த முடிவு ஒன்று உண்டென்றே நம்பினார். ஆயிரம் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது ஓரளவு சரி. லட்சக்கணக்கான ஆண்டுகளில் பார்த்தால் சரியில்லை. இங்கேதான் பாஸ்பரஸ் வருகிறது.

நைட்ரஜனுக்கு நேர்மாறு அது. காற்றில் அதற்கு வாயு வடிவம் கிடையாது. ஆரம்பத்திலேயே அபடைட் என்ற தாதுவாகப் பாறைக்குள் இருக்கிறது. வேர் விடும் அமிலமும் மழையும் அதைக் கரைத்துக்கொண்டே போகும். கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்குப் போகும். இன்னொரு பகுதி இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளோடு பூட்டிக்கொண்டு வேருக்கு எட்டாமலே போய்விடும். நம் செம்புரை மண்ணில் பாஸ்பரஸ் உரம் போட்டும் பயிருக்கு முழுசாகப் போய்ச் சேராததன் காரணம் இதே பூட்டுதான். நியூசிலாந்தின் மண்ணியலாளர்கள் வாக்கரும் சையர்ஸும் 1976இல் இந்த நெடுங்காலத் தேய்மானத்தை வரைந்து காட்டினார்கள். மண் பிறக்கும்போது நைட்ரஜன் பஞ்சம்; கிழடாகும்போது பாஸ்பரஸ் பஞ்சம்.

ஹவாய்த் தீவுகளில் இதைச் சோதித்துப் பார்க்க முடிந்தது. அங்கே தீவுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறந்தவை. சுமார் 300 ஆண்டு வயதுள்ள எரிமலை நிலம் ஒரு முனையில், 41 லட்சம் ஆண்டு வயதுள்ள கவாய்த் தீவு மறு முனையில். ஏறத்தாழ ஒரே உயரம், ஒரே மழை உள்ள இடங்களாகத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லா இடத்திலும் முதன்மையான மரம் ஓகியா என்ற ஒரே இனம். அதாவது கண்ணுக்கு வரிசை எதுவும் தெரியாது, ஒரே மரக்காடு. உரம் போட்டுப் பார்த்தபோது மறைந்திருந்தது வெளிப்பட்டது. 300 ஆண்டு மண்ணில் நைட்ரஜன் போட்டால் மரம் வேகமாக வளர்ந்தது, பாஸ்பரஸால் பலனில்லை. 41 லட்சம் ஆண்டு மண்ணில் பாஸ்பரஸ் போட்டால்தான் வளர்ந்தது. வளம் மிகுந்திருந்தது இடைப்பட்ட வயது மண்ணில்.

கவாயின் அந்தக் கிழட்டு மண்ணில் சொந்தப் பாறையின் பாஸ்பரஸ் ஏறத்தாழத் தீர்ந்துவிட்டது. அப்படியிருந்தும் காடு நிற்கிறது. ஆலிவர் சாட்விக், விட்டோசெக் முதலானோர் 1999இல் காட்டியபடி, அதன் பாஸ்பரஸில் பெரும்பங்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் மத்திய ஆசியப் பாலைவனங்களிலிருந்து காற்றில் வரும் தூசியில் கிடைக்கிறது.

தூசி மட்டும் வழியல்ல. நிலச்சரிவு, எரிமலை, பனிப்பாறை ஆகியவை அழிவு என்றே நமக்குப் படும். ஆனால் பாஸ்பரஸைப் பொறுத்தவரை புதுப் பாறையை வேருக்கு எட்ட வைப்பவை அவைதான். அதே கவாய்த் தீவில், அரிப்பே நடக்காத சமதள மேட்டிலுள்ள ஓகியா இலைகளைவிட, மண் சரிந்து அடிப்பாறை வெளிப்பட்ட சரிவுகளின் அடிவாரத்திலுள்ள ஓகியா இலைகளில் பாஸ்பரஸ் அதிகமாக இருப்பதை அளந்திருக்கிறார்கள்.